ஆகாயத்தில் ஒரு பட்டிமன்றம்!

கோயில் திருவிழாவில் பட்டிமன்றம் கேட்டிருப்பீர்கள். தீபாவளியன்று எண்ணெய்த் தலையோடு டி.வி. முன்னால் உட்கார்ந்து கேட்டிருப்பீர்கள். ஆகாயத்தில் பட்டிமன்றம் கேள்விப்பட்டதுண்டா?

நடந்திருக்கிறது ஸார்!

2017-ம் வருஷம் மார்ச் 18, சனிக்கிழமை. இங்கிலாந்தில் வெஸ்ட் பிராம்விச் ஆல்பியன் என்ற கால்பந்து கிளப்பின் மைதானம். லண்டனிலிருந்து ஆர்சனல் அணி ஆட வந்திருக்கிறது. தலைக்கு மேலே 'டுர்ர்ர்' என்று ஒரு குட்டி விமானம். அதன் வாலில் நீளமாக ஒரு பேனர்: 'புது ஒப்பந்தம் கூடாது. வெங்கரே வெளியேறு!'

அது போதாதென்று இன்னொரு விமானம். அதன் வாலிலும் பேனர்: 'ஆர்சனை நம்புகிறோம். அவருக்கு மரியாதை கொடுங்கள்!'

விமானத்தை வாடகைக்கு எடுத்தது எதிரி அணிக்காரர்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. இரண்டுமே ஆர்சனல் ரசிகர்களின் கைக்காசு! மேலே இப்படி வாதப் பிரதிவாதம் நடந்துகொண்டிருக்க, கீழே ஆர்சனல் 3-1 என்று தோற்றுக்கொண்டிருந்தது.

தோற்கிற அணியின் கோச்சை மாற்று என்று கத்துவது உலக வழக்கம். நேற்று வந்தவரை இன்று அனுப்பு என்பார்கள், அனுப்புவார்கள், கதை முடிந்தது. ஆனால் இந்த வழக்கு அப்படிப்பட்டதல்ல. 'வெளியே போ' என்று சொல்லப்பட்ட ஆர்சன் வெங்கர், அந்த வீட்டைக் கட்டிய மனுஷர். கட்டி முடித்த வீட்டுத் திண்ணையில் பிள்ளைகள் நின்றுகொண்டு, 'அப்பா... சாவியைக் கொடுத்துடுங்க' என்றால் எப்படி இருக்கும்? அதுதான் நடந்தது.

ஆர்சனா... யாரு?

1996 அக்டோபரில் வெங்கர் லண்டனுக்கு வந்தபோது ஒரு மாலைப் பத்திரிகை போட்ட தலைப்பு இதுதான்: 'ஆர்சன் யாரு?' கேள்வியில் தப்பில்லை. பிரான்ஸ்காரர். ஜப்பானில் நகோயா கிராம்பஸ் எய்ட் என்ற கிளப்பில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர். ஒல்லி உருவம், மூக்குக் கண்ணாடி. பார்த்தால் பத்தாம் வகுப்புக் கணக்கு வாத்தியார்.

இங்கிலாந்தில் இந்த வேலைக்குப் பேர் மேனேஜர். யார் ஆடணும், யாரை வாங்கணும், யாரை விற்கணும்... எல்லாம் அவர்தான். வெங்கர் முதலில் கை வைத்த இடம் சமையலறை! சாக்லேட் கட். வேகவைத்த காய்கறி ஆஜர். முதல் மாட்சுக்கான பஸ் பயணத்தில் பின் ஸீட்டிலிருந்து ஆட்டக்காரர்கள் 'எங்க சாக்லேட்டைக் குடு' என்று கோஷ்டியாகப் பாடினார்களாம். பின்னாளில் அவரே சிரித்துக்கொண்டு சொன்ன கதை. அந்த மாட்சில் ஆர்சனல் 2-0 என்று ஜெயித்தது. கத்தரிக்காய்க்கும் கோலுக்கும் சம்பந்தம் உண்டு போலிருக்கே என்று சந்தேகம் வந்திருக்கும்!

1998-ல் லீக் பட்டமும் எஃப்.ஏ. கோப்பையும் ஒரே வருஷத்தில். 2002-ல் மறுபடி இரண்டும். 'ஒரு ஸீசன் முழுக்கத் தோற்காமலே ஆட முடியும்' என்று அந்த வருஷம் சொன்னார். பத்திரிகைகள் கேலி செய்தன. 2003-04 ஸீசனில் செய்து காட்டினார். 38 மாட்ச்: 26 வெற்றி, 12 டிரா, தோல்வி பூஜ்யம். முந்தைய ஸீசனும் அடுத்த ஸீசனும் சேர்த்து மொத்தம் 49 மாட்ச் தோற்கவில்லை.

ஐம்பதாவது மாட்சில் தோற்கடித்தது மான்செஸ்டர் யுனைடெட். மேனேஜர் அலெக்ஸ் ஃபெர்குசன். ஆட்டம் முடிந்த ஆத்திரத்தில் ஆர்சனல் பையன் ஒருவன் வீசிய பீட்ஸா, நேராக ஃபெர்குசன் மேல் போய் விழுந்தது. ஃபெர்குசன் பேரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். சாட்சிக் கூண்டுக்குப் பிறகு வருவார்.

அப்புறம்தான் கடன். பழைய ஹைபரி மைதானத்தில் 38 ஆயிரம் பேர்தான் உட்காரலாம். சுமார் 39 கோடி பவுண்டு செலவில் 60 ஆயிரம் பேருக்குப் புது ஸ்டேடியம், 2006-ல் திறந்தார்கள். வீடு கட்டினவர்களுக்குத் தெரியும், அதற்கப்புறம் அரிசி வாங்குவதற்கே கணக்குப் பார்க்கணும். வெங்கர் சின்னப் பையன்களை வாங்கி, வளர்த்து, வளர்ந்ததும் விற்க வேண்டியதாயிற்று. 2005-க்குப் பிறகு ஒன்பது வருஷம் ஒரு கோப்பை கிடையாது.

சரி, பட்டிமன்றத்தைத் தொடங்கலாமா?

'போகட்டும்' அணி

"நன்றி இல்லாதவங்கன்னு எங்களைச் சொல்லாதீங்க. கணக்கைப் பாருங்க.

"2011 ஆகஸ்ட். மான்செஸ்டர் யுனைடெட்கிட்டே எத்தனை? 8-2! கால்பந்து ஸ்கோரா அது? அடுத்த வருஷம் எங்க அருமையான ஆட்டக்காரர் வான் பெர்ஸியை அதே யுனைடெட்டுக்கே வித்தார். அவர் அங்கே போய் 26 கோல் போட்டார், அவங்க சாம்பியன். 2014 மார்ச்சில் வெங்கருக்கு ஆயிரமாவது மாட்ச். கொண்டாட்டத்துக்குப் போனோம். செல்சீ 6-0ன்னு அடிச்சாங்க. 2017-ல் பேயர்ன் மியூனிக்கோட ரெண்டு மாட்ச். அங்கே 5-1, இங்கேயும் 5-1. மொத்தம் 10-2. பஸ் நம்பர் மாதிரி இருக்கு ஸ்கோர்!

"நாலாவது இடத்துக்குள்ளே வந்தா அதுவே ஒரு கோப்பை மாதிரின்னு 2012-ல் சொன்னார். நாலாவது வர்றவனுக்கு யார் ஸார் கோப்பை குடுத்திருக்கா? எங்க ஸ்டேடியத்தில் ஸீசன் டிக்கெட் ஆரம்ப விலையே ஆயிரம் பவுண்டுக்கு மேலே. லீக்கிலேயே அதிகம். அவ்வளவு குடுத்து ஆகஸ்ட்டில் நம்பிக்கை, மார்ச்சில் கண்ணீர்... வருஷா வருஷம் அதே ரீல்!"

பலத்த கைதட்டல்.

'இருக்கட்டும்' அணி

"கடனை அடைச்சுக்கிட்டே குடும்பம் நடத்தினவரை ஒரு நிமிஷம் நினைச்சுப் பாருங்க. வந்த நாளிலேர்ந்து 2016 வரைக்கும் இருபது ஸீசன், ஒண்ணு கூட விடாம முதல் நாலு இடத்துக்குள்ளே. பக்கத்து வீட்டு செல்சீக்கு 2003-ல் ரஷ்யப் பணக்காரர் வந்தார். மான்செஸ்டர் சிட்டிக்கு 2008-ல் அபுதாபி பணம் வந்தது. அவங்க பையில் கை விட்டா நோட்டு. இவர் பையில் கை விட்டா பில்லு!

"2014-ல் எஃப்.ஏ. கோப்பை, 2015-ல் எஃப்.ஏ. கோப்பை. இது கண்ணுக்குத் தெரியலையா? போன்னு சொல்றது சுலபம். யாரைக் கொண்டு வரப்போறீங்க? பேரைச் சொல்லுங்க!"

இதற்கும் கைதட்டல். ஆனால் எதிரணியில் ஒருவர் எழுந்தார்: "செல்சீயைப் பத்திச் சொன்னீங்களே... 2012 மார்ச்சில் ஸீசன் நடுவில் கோச்சை அனுப்பினாங்க. தற்காலிகமா வந்த டி மாட்டியோ மே மாசம் ஐரோப்பியச் சாம்பியன் கோப்பையையே கொண்டு வந்தார். மாத்தினா ஜெயிக்கலாம்!"

உடனே இந்தப் பக்கத்தில் ஒருவர்: "முழுசாச் சொல்லுங்க. அந்த டி மாட்டியோவை அதே வருஷம் நவம்பரில் அனுப்பிட்டாங்களே, அதையும் சொல்லுங்க!"

நடுவர் தண்ணீர் குடிக்க வேண்டிய கட்டம்.

ஒரு ரயில் நிலையம்

சிரித்தது போதும், கொஞ்சம் வருத்தமான சமாசாரம். 2014 டிசம்பர் 6. ஸ்டோக் நகரில் ஆர்சனல் 3-2 என்று தோற்றது. ஊர் திரும்ப ரயில் நிலையம். வெங்கர் ரயிலேறும்போது பிளாட்பாரத்தில் நின்ற சொந்த ரசிகர்கள் ஊளையிட்டார்கள். அணியிலிருந்த ஒரு இளம் ஆட்டக்காரரின் பேரைச் சொல்லி, 'முடியறப்பவே தப்பிச்சுப் போயிடுப்பா' என்று ஒரு குரல். வெங்கருக்கு அப்போது வயது 65. பதில் சொல்லாமல் ரயிலேறி உள்ளே போனார்.

கத்தியவர்கள் கெட்டவர்களா? அதே ஆட்கள் குளிரில் ஸ்டோக் வரை போய், டிக்கெட்டுக்கும் ரயிலுக்கும் காசு கொடுத்து, தோல்வியை நின்று பார்த்துத் திரும்புகிறவர்கள். ஆட்டக்காரன் வேறு கிளப்புக்குப் போவான். கோச்சுக்கு வேறு வேலை கிடைக்கும். முதலாளி பங்கை விற்றுவிட்டுப் போவார். ரசிகனுக்கு மட்டும் போக்கிடம் கிடையாது. அப்பா எந்தக் கொடியைக் காட்டித் தூக்கிக்கொண்டு போனாரோ, அதுதான் ஆயுசுக்கும். தன்னால் மாற முடியாதவன், மாற்றக்கூடிய ஒரே ஆளைப் பார்த்துக் கத்துகிறான். அந்த ஒரே ஆள் எப்போதும் கோச்தான். பதினோரு பேரை ஒரே நாளில் மாற்ற முடியுமா என்ன?

அட்டை போன ஊர்கள்

இதற்குள் 'வெங்கர் அவுட்' என்ற அட்டை தனியாக உலகச் சுற்றுலா கிளம்பிவிட்டது. 2017 ஏப்ரலில் அமெரிக்காவில் பெரிய மல்யுத்த ஷோ. கூட்டத்துக்கு நடுவில் 'வெங்கர் அவுட்'. அதே மாதம் பாங்காக்கில் கோல்ட்ப்ளே பாட்டுக் கச்சேரி. அங்கேயும் 'வெங்கர் அவுட்'. நவம்பரில் ஜிம்பாப்வேயில், 37 வருஷம் ஆண்ட முகாபேயைப் பதவி இறங்கச் சொல்லி ஹராரே தெருக்களில் ஜன சமுத்திரம். அதிலும் ஒருத்தர் கையில்... ஆமாம், அதே அட்டை!

அதில் ஒரு ருசியான விஷயம்: அந்த நவம்பரிலேயே முகாபே இறங்கிவிட்டார். வெங்கர் இறங்கவில்லை.

மான்செஸ்டர் சாட்சி

'பொறுமை' அணி எப்போதும் கூப்பிடும் சாட்சி, நாம் முன்பே பார்த்த அலெக்ஸ் ஃபெர்குசன்.

1986 நவம்பரில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு வந்தார். மூன்று வருஷம் ஆயிற்று, ஒரு கோப்பை இல்லை. 1989 செப்டம்பரில் உள்ளூர் எதிரி மான்செஸ்டர் சிட்டியிடம் 5-1 என்று உதை. டிசம்பரில் கிரிஸ்டல் பேலஸிடம் சொந்த மண்ணில் தோல்வி. அன்றைக்கு ஒரு ரசிகர் பெட்ஷீட்டில் எழுதிக்கொண்டு வந்து விரித்தார். 'மூணு வருஷமா சாக்குப்போக்குதான்... டாட்டா ஃபெர்கி' என்கிற அர்த்தத்தில் வாசகம். நடுவில் அச்சில் ஏற்ற முடியாத ஒரு வார்த்தையும் உண்டு.

நிர்வாகம் அனுப்பவில்லை. 1990 ஜனவரி 7, நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்டோடு எஃப்.ஏ. கோப்பை மாட்ச். தோற்றால் ஆள் அவ்வளவுதான் என்று பத்திரிகைகள் எழுதின. மார்க் ராபின்ஸ் என்ற பையன் போட்ட ஒரே கோலில் ஜெயித்தார்கள். மே மாதம் அந்தக் கோப்பையே வந்தது. இறுதி ஆட்டத்தில் தோற்றது யார் தெரியுமா? அதே கிரிஸ்டல் பேலஸ்! லீகில் அந்த வருஷம் 13-வது இடம்தான். ஆனால் 1993-ல், 26 வருஷம் கழித்து லீக் பட்டம். 2013-ல் ஃபெர்குசன் ஓய்வு பெற்றபோது லீக் பட்டங்கள் 13. எல்லாம் சேர்த்து 38 கோப்பைகள்.

அவருக்குப் பின் வந்த டேவிட் மாய்ஸுக்கு ஆறு வருஷ ஒப்பந்தம். பத்தே மாதத்தில் சீட்டு கிழிந்தது. அதற்கு முன்னால் அவருக்கும் ஒரு விமானம் வந்தது, 'தப்பான ஆள்... மாய்ஸே வெளியேறு' என்று. அன்றைக்கு யுனைடெட் 4-1 என்று ஜெயித்துத் தொலைத்தது! விமானம் விட்டவர்கள் முகத்தை எங்கே வைத்துக்கொண்டார்களோ.

ஃபெர்குசன் கதை கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்றை யோசியுங்கள். பொறுத்திருந்து பூமி ஆண்டவரின் கதை நமக்குத் தெரியும். பொறுத்திருந்து அணியையே கிணற்றில் இறக்கிய கோச்சுகளின் கதை? அவர்களைப் பற்றி யாரும் கட்டுரை எழுதுவதில்லை. அவர்கள் பேர் கூட ஞாபகம் இல்லை. ஒரு சாட்சியை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது யுவர் ஆனர்!

காய்ச்சலும் டாக்டரும்

சரி, மாற்றினால் பலன் உண்டா, இல்லையா?

லெஸ்டர் சிட்டி என்ற சின்ன கிளப். 2016-ல் லீக் சாம்பியன். ஸீசன் ஆரம்பத்தில் பந்தயக்காரர்கள் அவர்களுக்குக் கொடுத்த வாய்ப்பு ஐயாயிரத்தில் ஒன்று. அந்த அதிசயத்தைச் செய்த கிழவர் கிளாடியோ ரானியேரியை ஒன்பதே மாதத்தில், 2017 பிப்ரவரியில் நீக்கினார்கள். ஊரே அழுதது. 'பாவிகளா' என்று திட்டியது. அடுத்து என்ன ஆயிற்று? உதவியாளர் ஷேக்ஸ்பியர் (பேரே அதுதான்!) பொறுப்பேற்றார், லீகில் வரிசையாக ஐந்து வெற்றி. பார்த்தீர்களா, மாற்றியது சரி என்றார்கள். அந்த அக்டோபரிலேயே ஷேக்ஸ்பியருக்கும் திரை விழுந்துவிட்டது.

நெதர்லாந்தில் பாஸ் டெர் வீல் என்ற பொருளாதார நிபுணர் 1986 முதல் 2004 வரை அந்நாட்டு லீகின் கணக்கைத் தோண்டிப் பார்த்தார். தொடர் தோல்விக்குப் பிறகு கோச்சை மாற்றிய அணிகள் தேறின. வாஸ்தவம். ஆனால் அதேபோல் தோற்று, கோச்சை மாற்றாமல் விட்ட அணிகளும் கிட்டத்தட்ட அதே அளவு தேறியிருந்தன!

நம்ம வீட்டில் நடக்கிற விஷயம்தான். காய்ச்சல் மூன்று நாளாக ஏறிக்கொண்டே போகிறது. நான்காம் நாள், உச்சத்தில் இருக்கும்போது டாக்டரை மாற்றுகிறோம். ஐந்தாம் நாள் இறங்குகிறது. 'கைராசிக்காரர்' என்று புது டாக்டருக்குப் பேர். பழைய டாக்டரிடமே விட்டிருந்தாலும் இறங்கியிருக்குமோ என்னவோ... அதை யார் சோதித்துப் பார்த்தார்கள்? மோசத்தின் அடியில் இருக்கும்போதுதான் கோச்சை மாற்றுவார்கள். அடிக்குக் கீழே போக அதிகம் இடம் கிடையாது.

ஆனால் சில காய்ச்சல், டாக்டரை மாற்றினால்தான் இறங்கும். அதுவும் உண்மை. எந்தக் காய்ச்சல் எது என்று முன்கூட்டித் தெரிந்தால் பட்டிமன்றமே வேண்டியதில்லை.

தீர்ப்பு

விமானங்கள் பறந்த அந்த ஸீசனில் ஆர்சனல் ஐந்தாவது இடம். நான்காவதான லிவர்பூலுக்கும் இவர்களுக்கும் ஒரே ஒரு பாயின்ட் வித்தியாசம். இருபது வருஷச் சங்கிலி அறுந்தது. அடுத்த வாரமே, 2017 மே 27, எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தில் சாம்பியன் செல்சீயை 2-1 என்று வீழ்த்தினார்கள். வெங்கருக்கு ஏழாவது எஃப்.ஏ. கோப்பை. வேறு எந்த மேனேஜருக்கும் இல்லாத சாதனை. இரண்டு அணியும் 'பார்த்தியா, நான் சொன்னேன்ல!' என்றன. ஒப்பந்தம் இரண்டு வருஷம் நீண்டது.

அடுத்த ஸீசன் ஆறாவது இடம். இந்த முறை ரசிகர்கள் கத்தக் கூட இல்லை. அதைவிடக் கொடுமையாக ஒன்று செய்தார்கள். வரவில்லை. காசு கொடுத்து வாங்கிய ஸீட்டுகள் காலியாகக் கிடந்தன. கத்துகிறவன் இன்னும் நம்புகிறான் என்று அர்த்தம். வீட்டோடு இருந்துவிட்டவனை என்ன சொல்லித் திரும்ப அழைப்பது? 2018 ஏப்ரல் 20 அன்று வெங்கர் போவதாக அறிவிப்பு வந்தது. ஒப்பந்தத்தில் ஒரு வருஷம் பாக்கி இருந்தது. நேரம் தன் முடிவல்ல என்று அவரே சொன்னார். ரசிகர்கள் ஒற்றுமையாக இல்லை என்று உலகமே பார்த்தது தன்னை வலிக்கச் செய்ததையும் மறைக்கவில்லை.

போனதும் வசந்தம் வந்ததா? அடுத்து வந்த எமரி 2019 நவம்பரில் அவுட். பிறகு வந்தவர் வெங்கரிடமே காப்டனாக ஆடிய ஆர்ட்டேட்டா. 2020-ல் எஃப்.ஏ. கோப்பை. ஆனால் லீகில் இரண்டு தடவை எட்டாவது இடம். 2021 ஆகஸ்டில் முதல் மூன்று மாட்சும் தோல்வி: வாங்கியது ஒன்பது கோல், போட்டது பூஜ்யம், பட்டியலில் கடைசி. பழைய அட்டையில் பேரை மட்டும் மாற்றி எழுதிக்கொண்டு கிளம்பினார்கள். நிர்வாகம் இந்த முறை காதில் பஞ்சை அடைத்துக்கொண்டது. 2023, 2024, 2025... வரிசையாக மூன்று வருஷம் இரண்டாமிடம். உடனே புதுத் தலைப்பு: 'இரண்டாமிடம் போதுமா, போதாதா?' பட்டிமன்றத்துக்கு முடிவே கிடையாது.

ஆக, மாற்றச் சொன்னவர்கள் சரியா, வேண்டாம் என்றவர்கள் சரியா? கடைசி இரண்டு வருஷத்தைப் பார்த்தால் மாற்றச் சொன்னவர்கள். இருபத்திரண்டு வருஷத்தைப் பார்த்தால் மற்றவர்கள். நன்றி பின்னால் பார்க்கிறது, ஆசை முன்னால் பார்க்கிறது. ஒரே ரசிகனுக்குள்ளேயே இரண்டு விமானமும் பறந்துகொண்டுதான் இருந்தன.

ஆனால் எப்படி வழியனுப்பினார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். 2018 மே 6, சொந்த மைதானத்தில் வெங்கரின் கடைசி மாட்ச். பர்ன்லியை 5-0 என்று ஜெயித்தார்கள். ஒவ்வொரு ஸீட்டிலும் ஒரு சிவப்பு டீஷர்ட். அதில் பிரெஞ்சில் 'நன்றி ஆர்சன்'. 'போ' என்று அட்டை பிடித்த கைகளும் அதைத்தான் மாட்டிக்கொண்டு நின்றன. வெங்கர் மைக்கைப் பிடித்தார். தன்னைப் பற்றிப் பேசவில்லை. முந்தின நாள் மூளையில் ரத்தக்கசிவுக்கு ஆபரேஷன் ஆகி ஆஸ்பத்திரியில் கிடந்த பழைய எதிரி ஃபெர்குசன் குணமடைய வேண்டும் என்று முதலில் வாழ்த்தினார். (குணமானார்.) அதற்கப்புறம்தான் ரசிகர்கள் பக்கம் திரும்பினார். நானும் உங்களைப் போல ஓர் ஆர்சனல் ரசிகன்தான் என்றார்.

சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிற அப்பா, வாசலில் நின்று சொல்கிற மாதிரி இருந்தது.

2023-ல் அந்த ஸ்டேடியத்துக்கு வெளியே வெங்கருக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள். இரண்டு கையாலும் கோப்பையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருக்கிறார். சிலையாக இருப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. எத்தனை மாட்ச் தோற்றாலும் அதை யாரும் மாற்றச் சொல்ல மாட்டார்கள்!